காற்றுக்கு ஒரு முகமா?

கேள்வி: பாய்ப்படகுப் பந்தயத்தை ஒரே நாளில் முடிக்காமல் ஐந்தாறு நாள் இழுக்கிறார்களே, ஏன்?
— ஒரு வாசகர், நிலாவெளி

பதில்: நிலாவெளியில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது! விடியப்புறம் புறாத்தீவுப் பக்கம் கண்ணாடியாய்க் கிடக்கும் கடல், கச்சான் காற்று எழும்பினால் அதே கடலா? ஒரு நாள் காற்று யாருக்கும் கைகொடுக்கும். ஆளின் கெட்டித்தனம் தெரியப் பல நாள் வேண்டும். கணக்கும் அப்படித்தான்: ஒவ்வொரு ஓட்டத்திலும் முதலாவதுக்கு 1 புள்ளி, பத்தாவதுக்கு 10, குறைவாய்ச் சேர்த்தவரே வென்றவர். ஆக மோசமான ஓட்டம் ஒன்றைக் கழித்துவிடுவார்கள். பள்ளிக்கூடச் சோதனையில் கிடைக்காத தயவு!

சென்னைப் பெண் நேத்ரா குமணன் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்ப்படகில் 10 ஓட்டம் ஓடி 35ஆவது வந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 21ஆவது. எனக்கு அந்த ஏற்றமே பதக்கம். அவர் ஓட்டியது 4.23 மீட்டர் படகு, தனி ஆள். காற்று இறுகிப் படகு சாயும்போது பாதத்தை வாரில் கொளுவி, முதுகு தண்ணீரைத் தொடுமளவு வெளியே சரிந்து தாங்க வேண்டும். தொடை எரியும். கண் மட்டும் தூரத்தில் தண்ணீர் கறுக்கும் இடத்தைத் தேடும். அடுத்த காற்று அங்கிருந்துதான் வரும். உங்கள் ஊர் வள்ளக்காரரைக் கேளுங்கள், கரையில் நின்றே காட்டுவார்.