பிளாக் பெல்ட் சான்றிதழ் யாருடைய சொத்து? ஒரு பூர்வாங்க ஆய்வு

கராத்தே வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பும் வீடுகளில் டிவிக்கு மேலே மாட்டியிருக்கும் பிளாக் பெல்ட் சான்றிதழை அறிஞர் உலகம் இதுவரை உரிய முறையில் கவனிக்கவில்லை. மாதக் கட்டணம், கிரேடிங் கட்டணம், பெல்ட்டுக்குத் தனி, சான்றிதழுக்குத் தனி என்று கட்டி ஓய்ந்த தகப்பனார் அதைத் தம் வீட்டுச் சொத்து என்கிறார். மாஸ்டர் அப்படி நினைக்கவில்லை. வழக்கு இதுதான்.

மூலத்துக்குப் போவோம். 1882-இல் டோக்கியோவில் கோடோகான் ஜூடோப் பள்ளியைத் தொடங்கிய கானோ ஜிகோரோ, மறுவருடமே தொமிதா, சைகோ என்ற இரு மாணவர்களுக்கு முதல் 'தான்' தகுதியை, அதாவது இன்றைய பிளாக் பெல்ட் படியை, அளித்தார். இந்தப் படிநிலை 'கோ' என்ற பலகை விளையாட்டில் ஏற்கெனவே இருந்தது. ஆளைத் தூக்கிப்போடுகிறவர்கள், உட்கார்ந்த இடத்தில் காய் வைக்கிறவர்களிடம் வாங்கிய கடன் இது. கருப்புப் பட்டை 1886 வாக்கில்தான் இடுப்புக்கு வந்தது. அதாவது முதல் இரண்டு பிளாக் பெல்ட்காரர்களும் ஏறக்குறைய மூன்று வருடம் பிளாக் பெல்ட் இல்லாமலே காலந்தள்ளியிருக்கிறார்கள். பெல்ட் கட்டணத்துக்கு வழியே இல்லாதிருந்த பொற்காலம் என்று இதைக் குறிக்கலாம்.

கராத்தேயில் 1924-இல் ஃபுனாகோஷி கிச்சின் ஏழு பேருக்கு முதல் தான் வழங்கினார். அவருக்கு அதை வழங்கியவர் யார் என்று கேட்கக் கூடாது. எல்லாப் பரம்பரையிலும் முதல் கையெழுத்து தானாக முளைத்ததுதான்.

வெள்ளைக்கும் கருப்புக்கும் நடுவே வானவில்லை நுழைத்த பெருமையில் பெரும்பங்கு, 1930-களில் பாரிஸில் ஜூடோ கற்பித்த கவாய்ஷிக்குச் சேரும். ஐரோப்பிய மாணவனுக்குப் பொறுமை குறைவு, அடிக்கடி ஏதாவது கையில் கொடுத்தால்தான் நிற்பான் என்பது கணக்கு. நம்மூரில் அதுவே மூன்று மாதத்துக்கு ஒரு வண்ணம், வண்ணத்துக்கு ஒரு ரசீது என்று செழித்தது. ரசீது கிடைத்தால்.

இனி நம் மையக் கோட்பாடு: கட்டணம் முத்திரையின் தூரத்தைப் பொறுத்து ஏறும். தெருமுனை வகுப்பின் ரப்பர் ஸ்டாம்ப் மலிவு. மாநிலச் சங்கம் என்றால் கொஞ்சம் கூடும். ஜப்பானிய எழுத்தும் சிவப்பு முத்திரையும் வந்துவிட்டால் தகப்பனார் நகைக்கடன் பற்றி யோசிக்க வேண்டியதுதான். யாராலும் வாசிக்க முடியாத சான்றிதழுக்கே மதிப்பு அதிகம் என்பது இதன் கிளைத்தேற்றம்.

டேக்வாண்டோவில் சங்கதி இன்னும் நுட்பமானது. சியோலில் 1972 முதல் இருக்கும் குக்கிவோன் எண் போட்டுச் சான்றிதழ் தருகிறது. பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் 'தான்' கிடையாது, 'பூம்'. ஆனால் மாணவன் தானே விண்ணப்பிக்க முடியாது, தகுதியுள்ள மாஸ்டர் பரிந்துரைக்க வேண்டும். சியோல் கேட்பது ஒரு தொகை. அது நம் தெருவுக்கு வந்து சேரும்போது என்னவாகிறது என்பது பொருளாதாரத்துறை எடுத்துக்கொள்ள வேண்டிய ஆய்வு.

உடைமையைச் சோதிக்க ஒரே வழி, வகுப்பு மாறிப் பார்ப்பது. புது மாஸ்டர் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "இது எங்க ஸ்டைல் இல்லையே தம்பி, ஒயிட்ல இருந்து வந்துடு" என்பார். பழைய மாஸ்டரோ, பாக்கி இருந்தால் சான்றிதழைப் பீரோவை விட்டே எடுக்க மாட்டார். உதை மட்டும் மாணவனோடு போகிறது, அதற்கு யாரும் முத்திரை கேட்பதில்லை.

பெயர்ப் பிழை விஷயத்தில் ஆய்வு மேற்கொண்டு நகரவில்லை. சரவணன் 'சரவனன்' என்று அச்சாகி வந்தால் பிழை பள்ளியுடையது, திருத்தக் கட்டணம் சரவணனுடையது, புதுத் தாள் வந்ததும் பழையதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.