பர்மனென்ட் ஆகாத தம்பி

ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏலகிரிக்குப் போகாது. சென்னையிலிருந்து வந்து ஜோலார்பேட்டையோடு நின்றுவிடும். மேலே ஊர் போய்ச் சேர 14 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். விடிகாலையில் அந்த வள்ளல்களை ஒவ்வொருவராகக் கும்பிட்டு இறங்கி, ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற பிள்ளைகளில் ஒரு வகைத் தம்பி உண்டு. வயது 24. கம்பெனியில் இன்னும் டிரெயினி. தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்பது அவனுக்குத் தெரியும், அவன் போனுக்குத் தெரியும். மலையில் மூன்றாவது ஆளுக்குத் தெரியாது.

வேலை, தோல் செக்கிங். முழுத் தோலை மேஜையில் விரித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, முள் கீறல், உண்ணி கடித்த தழும்பு, சூடு போட்ட தடம் எல்லாவற்றையும் சில்வர் பேனாவால் வட்டம் போட வேண்டும். கட்டிங்காரர் வட்டத்தை விட்டுவிட்டு வெட்டுவார். ராத்திரி டேட்டிங் ஆப்புக்குப் போட்டோ பொறுக்கும்போதும் தம்பிக்குக் கண் அப்படியே போகிறது. இதில் பரு. இதில் பின்னால் அப்பா லுங்கி காய்கிறது. இதில் ரேஷன் கடை போர்டு தெரிகிறது, ஊரே தெரிந்துவிடும். கழிக்க வேண்டியதைக் கழித்தால் ஒரு காதும் அரைத் தோளும் மிஞ்சும். அதையே ஏற்றுவான். எதிர்ப்பக்கம் இருப்பவனும் காதும் தோளுமாகத்தான் இருப்பான். இரண்டு காதுகள் பத்து நாள் "ஹாய்" சொல்லிக்கொள்ளும்.

ஆப் தூரம் காட்டுவது காக்காய் பறக்கிற கணக்கில். "பக்கத்துலதான இருக்க, வாயேன்" என்பான் அடிவாரத்துப் பொன்னேரிக்காரன். கடைசி பஸ் போய்விட்டது, நடுவில் ஒரு மலை இருக்கிறது என்பதெல்லாம் ஆப்புக்குத் தெரியாது. சனி ஞாயிறு பெங்களூரிலிருந்து ஆட்கள் வந்து இறங்கியதும் திரை நிறையும். திங்கட்கிழமை துடைத்துப்போட்ட மாதிரி காலி. "ரிசார்ட்ல இருக்கேன், வர்றியா?" என்று ஒருத்தன் கேட்டான். கேட்டில் வாட்ச்மேன், சித்தப்பா. புங்கனூர் ஏரி போட் ஹவுஸில் டிக்கெட் கிழிப்பவன் கூடப் படித்தவன். சுவாமிமலை ஏறினால் விறகுக்கட்டோடு பெரியம்மா எதிரே வருவாள், "இன்னாடா, வேலைக்குப் போலியா?" என்பாள். சொந்தக்காரர் இல்லாத இடம் என்று பார்த்தால் ஆம்பூர் பிரியாணிக் கடைதான். அங்கே எவனும் இலையை விட்டுத் தலை நிமிர மாட்டான்.

இனி அவனுடைய பெரிய சிக்கல். "வேலை பர்மனென்ட் ஆகட்டும், மறுநாளே பொண்ணு பாத்துடலாம்" என்று அம்மா நாள் குறிக்காமல் நாள் குறித்துவிட்டாள். பர்மனென்ட் ஆனால் சம்பளம் ஏறும், பி.எஃப். வரும், கூடவே பெண்ணும் வரும். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எங்கும் முதலாளிகள் தலையில் கை வைத்தார்கள். ஓவர்டைம் நின்றது. "ஆர்டர் நிலைமை பாத்துட்டுச் சொல்றோம்" என்றார் ஹெச்.ஆர். இந்தப் பக்கம் டிரம்புக்கு மனசுக்குள் நன்றி சொன்ன ஒரே ஆள் நம் தம்பியாகத்தான் இருப்பான். அன்று ராத்திரியே, பிரியாணிக் கடையில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போன வாணியம்பாடிக்காரனும் "பாத்துட்டுச் சொல்றேன்" என்று மெசேஜ் போட்டான். இதற்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. வரி இறங்கப்போகிறது என்று பேச்சுக் கிளம்பியபோதெல்லாம் கம்பெனியில் ஸ்வீட் கொடுக்காத குறை. இவனுக்கு வயிற்றைக் கலக்கியது.

சட்டம் மட்டும் தண்ணீர்பட்ட பாடு. 2018 செப்டம்பர் 6-ம் தேதி, தன்பாலீர்ப்பு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது அவன் பிளஸ் ஒன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியை எழுதி வைத்தான், காரணம் எழுதவில்லை. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் கல்யாண உரிமை தர மறுத்தபோது, "அம்மாவும் கோர்ட்டும் ஒரே பேச்சு பேசுனா பரவால்ல, இங்க ஆளுக்கொரு பேச்சு" என்று நொந்துகொண்டான். 2025 மே மாதம் வந்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புதான் அவனுக்கு உயிர். வீட்டார் பிடித்து வைத்திருந்த ஒரு பெண்ணை அவளுடைய தோழி கேட்டுப் போட்ட ஆட்கொணர்வு மனு. நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அந்தப் பெண்ணை அவள் விருப்பப்படி போக விட்டு, குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்றார்கள். அந்த வழக்கில் குட்டு வாங்கியதில் குடியாத்தம் போலீஸும் உண்டு. டெல்லித் தீர்ப்பை விட இது நெருக்கம். குடியாத்தத்துக்கு பஸ்ஸிலேயே போய்விடலாமே!

வாணியம்பாடிக்காரன் கடைசியில் "பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டான். இப்போது ஞாயிறுதோறும் மலைக்கு வருகிறான். ஒரு பெண்ணோடு நின்று பேசியிருந்தால் செய்தி ரெண்டு வளைவு இறங்குவதற்குள் ஊர் கூடியிருக்கும். இவர்கள் தோளில் கை போட்டு ஏரியைச் சுற்றினாலும், "பசங்க இருந்தா இப்படி இருக்கணும்" என்கிறார் வாட்ச்மேன் சித்தப்பா. வீட்டில் வந்தவனுக்கு முதல் தோசை, தம்பிக்குக் கருகின தோசை. போன வாரம் தோசைக்கரண்டியும் கையுமாக அம்மா வந்தவனிடம் முறையிட்டாள்:

"நீயாவது இவனுக்குச் சொல்லுப்பா. பொண்ணு பாக்கலாம்னா ஓடுறான்."

"பர்மனென்ட் ஆகட்டும்மா, அவசரம் இன்னா?" என்றான் அவன், சட்னியைப் பார்த்தபடி.

"உனக்கும் ஆவலியாப்பா இன்னும்?"