மூன்றாம் பீரியட் ஜோசியம்

இங்கிலாந்தில் செப்டம்பரில் பள்ளியின் கடைசி இரண்டாண்டுப் படிப்பான சிக்ஸ்த் ஃபார்மில் சேரும் பிள்ளை, எடுத்த பாடம் ஒத்துவராவிட்டால் பெரும்பாலும் சில வாரங்களுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் பலர் நான்கு பாடம் எடுத்து, ஓராண்டு கழித்து முதலாண்டுத் தேர்வான ஏ.எஸ். மதிப்பெண்ணைப் பார்த்து ஒன்றைக் கழற்றிவிடுவார்கள். 2015-இல் தொடங்கிய சீர்திருத்தம் இந்தப் படிப்பின் இறுதித் தகுதியான ஏ லெவலின் தேர்வையெல்லாம் இரண்டாம் ஆண்டு முடிவுக்குத் தள்ளியது. சான்று பின்னே போனது. முடிவெடுக்கும் நேரம் முன்னே வந்தது. தாமதித்தால் புதுப் பாடத்தில் விட்டதைப் பிடிக்க முடியாதே என்பார்கள். நியாயம்தான். ஆனால் ஆரம்ப மோல் கணக்கைப் பார்த்தே வேதியியலைக் கைவிடுவது, பந்தியில் உப்பை நக்கிவிட்டு எழுந்துபோவது மாதிரி. மனசு மாறினாலும், விரும்பிய பாடம் அட்டவணையில் கணக்குப் பாடத்தோடு மோதக் கூடாது. பலருடைய எதிர்காலத்தைத் தீர்மானிப்பது செவ்வாய்க்கிழமை மூன்றாம் பீரியட்தான்.