எலிவேஷன் மட்டும் மாடர்னா இருக்கணும்

நவீனக் கட்டடக்கலையின் பாணிகளைப் படிக்க வியன்னாவுக்கும் சிகாகோவுக்கும் யாரும் கல்விக்கடன் வாங்கிக்கொண்டு போகவேண்டாம். பெங்களூருக்கு வாருங்கள். எல்லாப் பாணியும் இங்கே உண்டு. நம் வரிப்பணத்தில் உண்டு. நுழைவுக் கட்டணம் கிடையாது. டிராஃபிக் மட்டும்தான்.

முதல் பாடம் புரூட்டலிசம். பூசாமல், மெழுகாமல் கான்கிரீட்டை அப்படியே காட்டும் பாணி. லெ கொர்பூசியே மார்செய் நகரில் 1952இல் முடித்த அடுக்குமாடியைப் பார்த்து உலகம் இதைக் கற்றுக்கொண்டது. நாம் ஈஜிபுரா மேம்பாலத்தைப் பார்த்துக் கற்கலாம். சுமார் இரண்டரை கிலோமீட்டர். 2017இல் வேலை தொடங்கியது. 2022இல் ஒப்பந்தம் ரத்து. தூண்கள் மட்டும் நின்றன, உச்சியில் துருப்பிடித்த கம்பிகளோடு. தூண் எழும்பிய வருஷம் எல்.கே.ஜி.யில் சேர்ந்த பிள்ளை, ஒப்பந்தம் ரத்தான வருஷம் நாலாம் வகுப்பு. பாலம் அதே வகுப்பில் உட்கார்ந்திருந்தது.

அடுத்தது பின்நவீனத்துவம். பழசைப் பார்த்துப் புதுசு செய்வது. 1956இல் சட்டமன்றக் கட்டடமான விதான சௌதா முடிந்தது. முதல்வராக இருந்த கெங்கல் ஹனுமந்தையாவின் கனவு. குறை சொன்னாலும் அது ஒரு கனவு. 2005இல் பக்கத்திலேயே விகாச சௌதா வந்தது. அது கனவு இல்லை, ஜெராக்ஸ். விதான சௌதா முகப்பில் ‘அரசுப் பணி ஆண்டவன் பணி’ என்று கன்னடத்தில் பொறித்திருக்கிறார்கள். பொருத்தம்தான். ஆண்டவனிடம் போய் எப்போது முடிப்பீர்கள் என்று யார் கேட்பது?

இந்த ஊரின் தேசியப் பாணி இவை இரண்டும் அல்ல. கண்ணாடி. மீஸ் வான் டெர் ரோஹே சிகாகோ ஏரிக்கரையில் 1951இல் இரட்டைக் கண்ணாடி கோபுரங்களை நிறுத்தினார். அது பனி கொட்டும் ஊர். அங்கே வெயிலை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். ஃபேன் இல்லாமல் தூங்கிய ஊர். இங்கே அதே கண்ணாடிப் பெட்டியை ஒயிட்ஃபீல்டு முதல் எலெக்ட்ரானிக் சிட்டி வரை வரிசையாக அடுக்கிவிட்டோம். ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். வெளிச்சம் வரக் கண்ணாடி. வெளிச்சத்தோடு வெயிலும் வருகிறதே என்று திரை. திரை போட்டு இருட்டியதால் நட்டநடுப் பகலில் விளக்கு. விளக்குச் சூட்டுக்கும் வெயில் சூட்டுக்கும் சேர்த்து ஏ.சி. ஏ.சி. குளிருக்கு ஊழியர் தோளில் ஜாக்கெட். ஜன்னல் திறக்காது. வெளியே கயிற்றில் தொங்கியபடி ஒருவர் அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். வாளியில் இருப்பது டேங்கர் தண்ணீர். கட்டடத்தின் பின்னால் டீசல் ஜெனரேட்டர் உறுமும். முன்னால், வரவேற்பு மேசைக்கு மேலே, ‘பசுமைக் கட்டடம்’ என்று பிளாட்டினம் பட்டயம் மின்னும்.

பசுமைதான். வாசலில் இரண்டு பிளாஸ்டிக் மூங்கில் இருக்கிறதே.

பெரியவர்கள் செய்தால் சின்னவர்கள் சும்மா இருப்பார்களா? 30க்கு 40 சைட்டில் வீடு கட்டுகிறவர் மேஸ்திரியிடம் முதலில் சொல்வது ஒன்றுதான்: “எலிவேஷன் மாடர்னா வரணும்.” சன்ஷேட் பழைய ஃபேஷன், எடுத்தாயிற்று. மேற்குச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி வைத்தாயிற்று. முதல் மழையில் ஜன்னல் வழியே தண்ணீர் இறங்கும். அடுத்த மாதம் அதே ஜன்னலுக்கு மேல் நீலத் தகர ஷீட் வரும். பிளானில் இரண்டு மாடி, நேரில் நாலு. பக்கத்துச் சுவருக்கும் நம் சுவருக்கும் நடுவே கை நுழையாது. அவர்கள் வீட்டுக் குக்கர் விசில் நம் வீட்டில் அடிக்கும். அதற்கும் அரசாங்கம் ‘அக்ரம சக்ரம’ என்று ஒரு திட்டம் வைத்தது. மீறு, பணம் கட்டு, முறையாகிவிடு. விதிப்படி கட்டியவன்தான் இளிச்சவாயன்.

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமலா போனது? இருந்தார். ஹிட்லரிடமிருந்து தப்பிய யூதர், ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர். 1939இல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராக வந்து சேர்ந்தார். இந்திய அறிவியல் கழகத்தில் அவர் கட்டியவை இன்றும் நிற்கின்றன. ஜெர்மனிப் பெட்டியை அப்படியே இறக்கி வைக்கவில்லை அவர். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, காற்று எந்தப் பக்கம் வருகிறது, உள்ளூரில் என்ன கல் கிடைக்கிறது என்று பார்த்துக் கட்டினார். பிறகு லண்டன் போய், வெப்ப நாடுகளில் கட்டுவது எப்படி என்று பாடம் நடத்தும் துறையை 1954இல் அமைத்தவர்களில் ஒருவரானார். மைசூரில் படித்ததை அவர் லண்டனில் சொல்லிக்கொடுத்தார். சிகாகோவை நாம் பெங்களூரில் காப்பியடித்தோம்.

அவர் மட்டுமா? அதே அறிவியல் கழகத்தில் 1974இல் ‘அஸ்த்ரா’ என்ற பிரிவு தொடங்கியது. மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து, சூளையில் சுடாமல், அமுக்கி, சுவருக்கான கட்டிகள் செய்யும் முறையை வளர்த்துக் கொடுத்தது. பன்னேர்கட்டா சாலையில் பி.வி. தோஷி ஐ.ஐ.எம். வளாகத்தைக் கரடுமுரடான கருங்கல்லால் கட்டினார். தாழ்வாரங்களின் மேல் பந்தல், பந்தலில் கொடி, கொடிக்கு நடுவே வானம். 2018இல் பிரிட்ஸ்கர் பரிசு வாங்கிய முதல் இந்தியர் அவர். அந்தத் தாழ்வாரத்துக் காற்றில் படித்து வெளியேறும் பிள்ளைகள் நேராகக் கண்ணாடி ஜாடிக்குள் வேலைக்குப் போகிறார்கள். அதற்கும் முன்னால், கன்டோன்மென்ட் பங்களாக்களில் ஜன்னலுக்கு மேல் மரச்சட்டம் பின்னிய கூரை இருந்தது. ‘மங்கி டாப்’ என்பார்கள். வெயிலையும் சாரலையும் அது தடுத்தது. அந்த பங்களாக்களை இடித்துத்தான் அடுக்குமாடி விற்றார்கள். விளம்பரத்தில் மட்டும் ‘பழைய பெங்களூரின் அழகு’.

2022 மழையில் அவுட்டர் ரிங் ரோடு மிதந்தது. ஏரிமீது கட்டினோம், ஏரி வாடகை வசூலிக்க வந்தது. கோடிகள் கொடுத்து வில்லா வாங்கியவர்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனார்கள். ஒரே நாளில் 225 கோடி ரூபாய் நட்டம் என்று அந்தச் சாலை கம்பெனிகளின் சங்கம் முதல்வருக்குக் கடிதம் போட்டது. கணக்கில் புலிகள். மழைநீர் ஓடும் ராஜகால்வாயை அமுக்கி எழுந்த கட்டடங்களின் கணக்கை இதே சுறுசுறுப்போடு யாரும் எழுதக் காணோம்.

கடைசிப் பாடம் டீகன்ஸ்ட்ரக்டிவிசம். கட்டடம் உடைந்ததுபோல, சரிந்ததுபோல, பாதியில் விட்டதுபோல இருக்கும். 1988இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இதற்குத் தனிக் கண்காட்சியே வைத்தார்கள். பெங்களூர் சாலைகளுக்கு ஏனோ அழைப்பு வரவில்லை. தார் போட்ட மறுவாரம் குடிநீர் வாரியம் வெட்டும். அது மூடினால் மின்சாரக் கம்பெனி பெஸ்காம் வெட்டும். அதுவும் மூடினால் ஃபைபர்காரர் வருவார். எந்த வியன்னாக்காரருக்கு இந்தக் கை வரும்?

அந்தக் கண்காட்சியில் இடம்பெற்ற வியன்னா நிறுவனம் ஒன்று, கூப் ஹிம்மல்பிளாவ். பெங்களூருக்கு 250 மீட்டர் உயரத்தில் ‘ஸ்கைடெக்’ வரைந்து கொடுத்தவர்கள் அவர்கள்தான். மேலே ஏறி ஊரைப் பார்க்கலாம். மதிப்பீடு சுமார் 500 கோடி ரூபாய். 2024 மார்ச்சில் இந்த ஊரில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். போர்வெல் வறண்டு, குடத்தோடு டேங்கருக்குக் காத்திருந்த நாட்கள் அவை. ஐந்து மாதம் கழித்து, ஆகஸ்டில், அமைச்சரவை கோபுரத்துக்கு ஒப்புதல் கொடுத்தது.

நடைபாதை கேட்டோம். தண்ணீர் கேட்டோம். வேடிக்கை பார்க்க மேடை கேட்டது யார்? கவுன்சிலரிடம் கேட்கலாம் என்றால் அதற்கும் அப்போது வழி இருக்கவில்லை. மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. 500 கோடிக்குக் கையெழுத்தான அன்று, மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த கவுன்சிலர் ஒருவர்கூட இந்த ஊரில் பதவியில் இல்லை.