மையம் எங்கே, சார்?

கேள்வி: மாடியில் சின்ன லேத் போட்டு நீராவி இன்ஜின் மாடல் செய்கிறேன். வால்வை இயக்கும் வால்ஷார்ட்ஸ் கியரின் லிங்க்கில் வருகிற பள்ளத்தை வளைக்காமல் நேராகவே வெட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? (கோவை)

பதில்: பார்க்கிறவருக்குத் தெரியாது, இன்ஜினுக்குத் தெரியும். பள்ளத்தின் ஆரம், லிங்க்கிலிருந்து வால்வுப் பக்கம் போகும் ரேடியஸ் ராடின் நீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். பிஸ்டன் கோடியில் நிற்கும்போது லிங்க் நடுநிலையில் இருக்கும். அந்த நேரத்தில் பள்ளத்தில் ஓடும் டையை ஏற்றினாலும் இறக்கினாலும் வால்வு அசையக் கூடாது. நேர்ப் பள்ளமென்றால் அசையும். 1844-லேயே காப்புரிமை பெற்ற சங்கதி இது; திருத்தப் பார்க்காதீர்கள்.

கேள்வி: ஒரு பிராக்கெட் வரைபடத்தில் நாண் 120 மி.மீ., நடு உயரம் 10 மி.மீ. என்று மட்டும் போட்டிருக்கிறது. ஆரத்தை முழுங்கிய புண்ணியவானை என்ன செய்வது? (சிவகாசி)

பதில்: விட்டுவிடுங்கள், பள்ளிக்கூடக் கணக்குதான். பாதி நாணின் வர்க்கம் 3600, உயரத்தின் வர்க்கம் 100. இரண்டையும் கூட்டி, உயரத்தின் இரு மடங்கால் வகுத்தால் 185 மி.மீ.

கேள்வி: வகுத்தேன் சார். மையம் தகட்டுக்கு வெளியே போய் விழுகிறதே? (அவரேதான்)

பதில்: திரிசங்குவுக்கே தனி சொர்க்கம் கட்டினார்கள். ஒரு பலகையில் வேலைத் தகட்டை இறுக்குங்கள். மையம் விழும் இடத்தில் அதே கனமுள்ள கழிவுத் துண்டு ஒன்றை அசையாமல் பிடித்து, அதில் சென்டர் பஞ்ச் அடியுங்கள். டிவைடர் எட்டாவிட்டால் பட்டைக் கம்பியில் 185 மி.மீ. தள்ளி இரண்டு கூர்முனை வைத்துக்கொண்டால் போதும். துண்டின் கனம் மாறினால் ஆரம் பொய் சொல்லும்.

கோடு தெரிய, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு மயில்துத்தக் கரைசலைத் தடவுங்கள். இரும்பின் மேல் செம்பு மெல்லிசாகப் படியும். அதில் கீறினால் பளிச்சென்று தெரியும். விஷம் அது, வீட்டு காபி டம்ளரில் கரைத்து என்னையும் மாட்டிவிடாதீர்கள்.

கோட்டின் மேல் நெருக்கமாகச் சின்னப் புள்ளிகளும் அடித்துவிடுங்கள். 6 மி.மீ. டிரில்லால் துளை போடுவதானால் துளைகளின் மையம் கோட்டுக்கு வெளியே, கழிவுப் பக்கம் 3.5 மி.மீ. தள்ளி இருக்கட்டும், துளைக்குத் துளை 6.5 மி.மீ. இடையிலுள்ளதை உளியால் வெட்டிவிட்டு அரம் போடுங்கள். புள்ளி முழுசாகத் தெரிந்தால் இன்னும் மிச்சம் இருக்கிறது. பாதி தெரிந்தால் நிறுத்துங்கள். புள்ளியே காணோமென்றால் அடுத்த தகடு எடுங்கள்.

கேள்வி: ரோட்டரி டேபிள் வாங்கினால் இந்தத் தலைவலியெல்லாம் தீருமா? (ஓசூர்)

பதில்: இடம் மாறும். டேபிள் மையத்தையும் ஸ்பிண்டில் மையத்தையும் டயல் வைத்து ஒன்றாக்க வேண்டும். பிறகு டேபிளை ஆரத்தின் அளவு நகர்த்த வேண்டும்; அந்த அளவோடு கட்டரின் பாதி விட்டத்தை வெளி விளிம்புக்குக் கூட்டுங்கள், உள் விளிம்புக்குக் கழியுங்கள். மாற்றிச் செய்துவிட்டுக் கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் ஊருக்கு நாலு பேர்.

கேள்வி: லேசர் கட்டிங்கில் கொடுத்தால் சட்டென்று முடியுமே? (திருச்சி)

பதில்: முடியும். மீதி ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒட்டடை அடிக்கச் சொல்வார்கள். சம்மதமா?