பட்டா மாறாத டிஸ்க்

திண்டிவனத்துப் பழைய கணினியிலிருந்து கழற்றி, கேஸில் போட்ட ஹார்டு டிஸ்க்கை விழுப்புரத்தில் செருகினால், 'அணுகல் மறுக்கப்பட்டது' என்கிறது. இத்தனைக்கும் இரண்டும் ஒரே மாவட்டம்! கடைக்காரத் தம்பி தயங்கவே இல்லை: "ஃபார்மட் அடிச்சிடலாம்ணே." உள்ளே யார் கல்யாண ஆல்பம் என்றுகூடக் கேட்கவில்லை.

விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ், உரிமையாளரைப் பெயரால் அல்ல, எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண்ணால்தான் குறித்துவைக்கிறது. புதுக் கணினிக்கு அந்த எண் யாரென்றே தெரியாது. பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே நிற்கிறது. ப்ராப்பர்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போய் ஓனரை மாற்றி, 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுத்தால் பெயர் மாற்றம் முடிந்தது. விஏஓ கையெழுத்துகூட வேண்டாம்.

என்டிஎஃப்எஸ் வந்ததும் விழுப்புரம் மாவட்டம் பிறந்ததும் 1993இல்தான். மாவட்டம் 2019இல் கள்ளக்குறிச்சியையே விட்டுக்கொடுத்துவிட்டது. இந்த டிஸ்க்கோ ஒரு ஃபோல்டரை விடமாட்டேன் என்கிறது.