கறுப்புத் திரைக்காரர்

கறுப்புத் திரைக்காரர் வீடியோவை வெட்டுவார், ஒட்டுவார், சுருக்குவார், திருப்புவார். பார்க்க மட்டும் மாட்டார். அவருடைய மடிக்கணினியில் படம் தெரிகிற ஜன்னல் எதுவும் திறந்திருக்காது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி தட்டுவார், என்டரை அழுத்துவார், இருபது முப்பது வரிகள் தானாக ஓடும். ஓட்டம் நின்றதும் "முடிஞ்சுது" என்பார். என்ன முடிந்தது என்பது, கோப்பை வாங்கிக்கொண்டு போனவர் வீட்டில் திறந்து பார்க்கும்போதுதான் தெரியும். குடும்பத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் இவர் காணப்படுகிறார். உத்தியோகம் பெரும்பாலும் மென்பொருள். வயது நாற்பதை ஒட்டி. உறவுமுறையில் யாருக்காவது அக்கா பிள்ளை.

அவருடைய கருவியின் பெயர் எஃப்எஃப்எம்பெக். பிரான்ஸைச் சேர்ந்த ஃபப்ரீஸ் பெலார் 2000இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. விஎல்சி பிளேயருக்குள்ளும் குரோம் உலாவிக்குள்ளும் அதன் பாகங்கள் வேலை செய்கின்றன. இந்தத் தகவலைக் கறுப்புத் திரைக்காரர் கேட்காமலே சொல்வார். பொத்தான்கள் உள்ள ஹேண்ட்பிரேக் மென்பொருளை யாராவது பயன்படுத்தினால், "அதுக்குள்ள ஓடறதும் இதேதான்" என்பார். அப்படியானால் அதையே பயன்படுத்தினால் என்ன என்ற கேள்விக்கு அவரிடம் பதில் கிடையாது. 2011இல் எஃப்எஃப்எம்பெக்கின் நிரலாளர்களில் ஒரு பகுதியினர் பிரிந்து லிபாவ் என்று தனிக்குடித்தனம் போனார்கள். லினக்ஸ் இயங்குதளங்களான டெபியனும் உபுண்டுவும் சில ஆண்டுகள் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தன. 2015இல் டெபியன் எஃப்எஃப்எம்பெக்குக்கே திரும்பியது. இந்த வழக்கின் வாதங்களை அவர் இன்றும் தேதி தவறாமல் ஒப்பிப்பார்.

அவருடைய கொள்கை ஒன்றே ஒன்று: மறுபடி என்கோட் செய்யக்கூடாது. கட்டளையில் "மைனஸ் சி காப்பி" என்று சேர்த்தால் எஃப்எஃப்எம்பெக் படத்தைப் பிரித்துத் திரும்பச் சுருக்காது; இருக்கிற தரவை இருக்கிறபடி எடுத்து இன்னொரு கோப்பில் வைக்கும். தரம் ஒரு துளியும் குறையாது. மூன்று மணி நேரக் கல்யாண வீடியோவிலிருந்து ஒரு துண்டை எடுக்கக் கண்ணிமைக்கும் நேரம் போதும். வேலை முடியும்போது நிஜ நேரத்தைவிட எத்தனை மடங்கு வேகம் என்று திரையில் ஓர் எண் வரும். அதை அவர் உரக்கப் படிப்பார். வெட்டு சரியான இடத்தில் விழுந்ததா என்று பார்ப்பதைவிட இந்த எண் எவ்வளவு பெரியது என்று பார்ப்பதில்தான் அவருக்கு நாட்டம்.

வெட்டு சரியான இடத்தில் விழாததற்குக் காரணம் உண்டு. எச்.264 முறையில் சுருக்கிய வீடியோவில் எல்லா ஃபிரேமும் முழுப் படம் அல்ல. கீஃப்ரேம் என்பது மட்டுமே தன்னளவில் முழுமையானது. அதைத் தொடரும் ஃபிரேம்கள் அக்கம்பக்கத்து ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் வைத்திருக்கும். ஆகவே காப்பி முறையில் வெட்டும் துண்டு கீஃப்ரேமிலிருந்துதான் சரியாகத் தொடங்க முடியும். இந்த முறையில் சுருக்கும் எக்ஸ்264 என்கோடரை அதன் போக்கில் விட்டால், காட்சி மாறும் இடங்களில் ஒரு கீஃப்ரேம் வைக்கும். மாறாவிட்டால் 250 ஃபிரேம்வரை வைக்காமல் ஓட்டும். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் அது 10 நொடி. முகூர்த்த நேரத்தில் கேமராக்காரர் அசையாமல் ஒரே ஷாட்டில் நிற்பார். மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கி முடிச்சுப் போட்டு நிமிர்வது அந்த 10 நொடிக்குள் நடந்துவிடும்.

தாலி கட்டும் இடத்தை மட்டும் வெட்டித் தரச்சொல்லிச் சித்தி கேட்கிறார் என்று வைத்துக்கொண்டால், நடப்பது பின்வருமாறு. "மைனஸ் எஸ்எஸ்" என்பது தொடங்கும் நேரத்தைக் குறிக்கும் குறி. அதை உள்ளீட்டுக் கோப்பின் பெயருக்கு முன்னால் போட்டால் துண்டு முந்தைய கீஃப்ரேமுக்குப் போய்த் தொடங்கும். முதல் ஐந்து நொடிக்குப் போட்டோகிராஃபரின் முதுகு தெரியும். சித்தி முகம் சுளித்தால், கறுப்புத் திரைக்காரர் அதே குறியைக் கோப்பின் பெயருக்குப் பின்னால் மாற்றிப் போடுவார். இப்போது ஒலி சொன்ன இடத்தில் தொடங்கும். படம் அடுத்த கீஃப்ரேமுக்காகக் காத்திருக்கும். கெட்டிமேளம் காதில் விழும், திரை இருண்டிருக்கும், படம் வரும்போது நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருப்பார்.

"ஏண்டா, மாப்பிள்ளை தாலி கட்டறது எங்கடா?"

"அது ரெண்டு கீஃப்ரேமுக்கு நடுவுல இருக்கு சித்தி."

இதற்குத் தீர்வு இருக்கிறது. அது அவருக்கு மிக நன்றாகத் தெரியும். அந்த ஒரு நிமிடத் துண்டை மட்டும் மறுபடி என்கோட் செய்தால் வெட்டு கேட்ட ஃபிரேமிலேயே விழும். எக்ஸ்264இல் தரத்தைக் குறிக்கும் சிஆர்எஃப் என்ற அளவு 0 முதல் 51 வரை போகும். எண் குறையக் குறையத் தரம் கூடும். எதுவும் சொல்லாவிட்டால் 23 எடுத்துக்கொள்ளும். 18 என்று வைத்தால் மூலத்துக்கும் நகலுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். இதைச் சொன்னால் அவர் முகம் வாடும். "தரம் போயிடும்" என்பார். கேமராவுக்குள் ஒருமுறையும் ஸ்டுடியோவில் இன்னொருமுறையும் சுருக்கப்பட்டு வந்த படம்தான் அது என்பதை நினைவூட்டினால், அதனால்தான் மூன்றாவது முறை கூடாது என்பார். வாதத்தில் அவரை வெல்ல முடியாது. வாதம் முடியும்போது தாலி கட்டும் காட்சி இன்னும் கிடைத்திருக்காது என்பது வேறு விஷயம்.

இத்தனை பாடுபட்டுக் காத்த தரம் அடுத்து வாட்ஸ்அப்புக்குப் போகிறது. வாட்ஸ்அப் தன்னிடம் வரும் வீடியோவைத் தானே சுருக்கித்தான் அனுப்பும். அதாவது மூன்றாவது என்கோட் எப்படியும் நடக்கிறது, அதுவும் அவர் செய்திருக்கக்கூடியதைவிட மோசமாக. இதற்கும் அவரிடம் மாற்று உண்டு: வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பவேண்டும். அப்படி அனுப்பினால் சுருங்காது. ஆனால் சித்திக்கு வேண்டியது ஸ்டேட்டஸ். ஸ்டேட்டஸில் ஏற்றினால் மறுபடி சுருங்கும்.

நகைச்சுவையை விட்டுப் பேசினால், குறை கருவியில் இல்லை. அந்தத் துண்டு எதற்கு, யார் பார்க்கப்போகிறார்கள், எந்தத் திரையில், எப்போது வேண்டும் என்ற நான்கு கேள்விகளில் ஒன்றைக்கூட அவர் கேட்பதில்லை. கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. கேட்காததால் ஒரு மாலைப்பொழுது போகிறது. உதவி கேட்டு வந்தவர் கீஃப்ரேமைப் பற்றித் தெரிந்துகொண்டு, வீடியோ இல்லாமல் வீடு திரும்புகிறார். தனக்குத் தெரிந்ததைச் செய்வது உதவி அல்ல. கேட்டவருக்கு வேண்டியதைச் செய்வதுதான் உதவி. வீடியோ விஷயத்தில் மட்டுமல்ல, எந்தத் துறையிலும் இவ்வகையினரைப் பற்றி வீட்டார் சொல்லும் புகார் இதுதான்.

மற்ற பழக்கங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோப்பின் பெயரில் இடைவெளி விட்டவர்களை அவர் மன்னிப்பதில்லை. தொலைபேசியில் கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொல்வார். "மைனஸ்" என்று சொன்னதை எதிர்முனையில் இருப்பவர் எழுத்தாலேயே தட்டியிருப்பார். அதே பெயரில் கோப்பு இருந்தால் எஃப்எஃப்எம்பெக் அழிக்கலாமா என்று கேட்கும். அவர் வழக்கமாகப் போடும் "மைனஸ் ஒய்" அந்தக் கேள்வியை அடைத்துவிடுவதால், நேற்று வெட்டிய துண்டின்மேல் இன்று வெட்டிய துண்டு வந்து உட்காரும். தப்பித் தவறி என்கோட் செய்ய நேர்ந்தால் இருப்பதிலேயே மெதுவான முறைகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுப்பார்; இரவு முழுக்க மடிக்கணினியின் விசிறி இரையும்.

இவரால் உண்மையான பயன் விளையும் இடம் பழைய விசிடி. வீடியோ கேசட்டில் எடுத்த கல்யாணங்கள் பிற்பாடு விசிடிக்கு மாற்றப்பட்டு, கல்யாணத்துக்கு இரண்டு மூன்று தட்டுகளாக அலமாரிகளில் கிடக்கின்றன. ஒரு தட்டில் ஏறத்தாழ 74 நிமிடம், படம் 352க்கு 288 புள்ளி, எம்பெக்-1 முறை, உள்ளே டேட் என்று முடியும் கோப்பு. தட்டைப் போட இப்போது பல வீடுகளில் கருவியே இல்லை; கோப்பைப் போனுக்கு மாற்றினாலும் பெரும்பாலும் திறப்பதில்லை. கறுப்புத் திரைக்காரர் பழைய டிவிடி டிரைவ் ஒன்றை யூஎஸ்பியில் இணைத்து, கீறல் விழுந்த தட்டைப் பலமுறை படிக்கவைத்து, எல்லாத் துண்டையும் ஒன்றாகக் கோத்து, போனில் ஓடும் கோப்பாக்கித் தருவார். டிவிடி என்றால் இன்டர்லேஸ் காரணமாக அசைவுகளில் தெரியும் சீப்புப் பல் கோடுகளை யாடிஃப் என்ற ஃபில்டரால் நீக்குவார். இங்கே என்கோட் செய்யாமல் தீராது. ஆகவே கொள்கை தளரும். மூலக் கோப்பையும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் தனித்தனியே பத்திரப்படுத்தி வைப்பார்.

ஒலியும் உதட்டசைவும் பொருந்துகின்றனவா என்று சோதிக்க இந்த வீடியோக்களை மட்டும் அவர் முழுதாகப் பார்ப்பார். அதனால் இரவு பதினொரு மணிக்கு அவரிடமிருந்து போன் வரும். பந்தியில் மூன்றாவது வரிசையில் அப்பளத்தைச் சட்டைப்பையில் வைக்கும் பெரியவர் யார், மணமேடைக்கு முன்னால் பட்டுப்பாவாடையில் அழும் குழந்தை யார் என்று விசாரிப்பார். கேட்பவர்களுக்குத் தூக்கம் கெடும். ஆனாலும் யாரும் போனை உடனே வைப்பதில்லை.

இவரைக் கையாளும் முறை எளிது. ஸ்டேட்டஸுக்கான துண்டு, பிறந்தநாள் வாழ்த்து, இன்று மாலைக்குள் வேண்டியது ஆகியவற்றைப் போனிலேயே வெட்டிக்கொள்வது நல்லது. அவரிடமே கொடுத்தாக வேண்டுமென்றால், எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடியவேண்டும் என்று எழுதிக் கொடுத்து, "தரம் போனாலும் பரவாயில்லை" என்பதை முதலிலேயே இரண்டு முறை சொல்லிவிடவேண்டும். விசிடி, டிவிடி, யாருக்கும் திறக்காத கோப்பு ஆகியவற்றை அவசரமில்லை என்று சொல்லி அவரிடமே ஒப்படைக்கலாம். பணம் வாங்கமாட்டார்.